லண்டன் போனவர்களின் ரயர்கள்

ஜெர்மன் பாஸ்போட் கைக்கு வந்ததும் எங்கள் சனம் லண்டனுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும், பக்கத்தில் கோயில் வேண்டும், சொந்தமாகக் கடை போட வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சோபாவையும் கட்டிலையும் அரைக்கிற கல்லையும்கூட வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஒரே ஒரு பொருளைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கார்களின் பனிக்கால ரயர்கள். லண்டனில் அதற்கு வேலையில்லையாம். ஜெர்மனியின் எசன் நகரத்தில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குக் கீழே, கெல்லர் என்று எல்லோரும் சொல்லும் நிலவறையில், அவை ஒவ்வொரு தொகுதியாக வந்து சேர்ந்தன.

எங்களிடம் வந்ததற்குக் காரணம் என் கணவர். எங்கள் ஆட்களுக்கு அவர் காருக்குச் சாத்திரம் சொல்லுகிற சாத்திரி மாதிரி. வேலை என்னவோ பார்சல் பிரிக்கும் இடத்தில்தான். ஆனால் அவர் ஒருமுறை சுற்றி வந்து, பொனற்றைத் தட்டி, என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, "எடுக்கலாம்" என்று சொல்லாமல் சுற்றுவட்டாரத்தில் ஒரு தமிழனும் கார் வாங்கியதில்லை. அந்தச் சொல்லுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். நான் தேத்தண்ணி போட்டுப் போட்டுக் களைத்துப் போவேன்.

ரயர்களுக்கும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். ஐப்பசி பிறந்தால் போன் வரும். "அண்ணை, பனி ரயர் ஒரு செற் இருக்கோ?" என்று கேட்பார்கள். அவர் கெல்லருக்குள் இறங்கி, ரயரின் வெட்டுகளுக்குள் பெருவிரல் நகத்தை விட்டுப் பார்ப்பார். நகம் ஆழமாக இறங்கினால் முகம் மலர்ந்துவிடும். "புதுசு மாதிரி இருக்கு. தேயவே இல்லை" என்பார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் ரயருக்குள் வைக்கோலை அடைத்து ஓடியவர் அவர். வெட்டுத் தேயாத ரயரைக் குறை சொல்ல அவரால் கனவிலும் முடியாது. எனக்கு அது விளங்கும். விளங்கினாலும் அந்தக் கெல்லரின் ரப்பர் மணம் எனக்குப் பிடிக்காது. கதவைத் திறந்தால் ஏதோ ஒன்று இருட்டுக்குள் குந்தியிருந்து எங்களைப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த வருடம் கெல்லரில் இருந்ததிலேயே நல்ல தொகுதியை என் தம்பிக்கென்று ஒதுக்கி வைத்தார். எனக்கு ஒரே தம்பி. பதினாறு வயதில் தனியாக இங்கே வந்து இறங்கியவனைக் கூட்டிக்கொண்டு வந்து, படிப்பித்து, பக்கத்து ஆசனத்தில் இருந்து கார் பழக்கியதும் என் கணவர்தான். அத்தான் என்றால் அவனுக்கு வேறு கடவுள் வேண்டாம். கலியாணம் முடித்த பிறகு, எங்களிடமிருந்து தெற்கே மலைப்பக்கம் இருக்கும் ஒரு சிறிய ஊரில் இரும்புப் பட்டறையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எசனில் மழை பெய்யும் நாளில் அங்கே பனி கொட்டும். பாதை ஒரு பக்கம் காடும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து வளைந்து ஏறும். முதல்தரம் அந்தப் பாதையால் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ரயர் பூட்டிய அன்று என் கணவர் நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். புதுக் கார் எடுத்தால் வைக்கிற மாதிரி. தம்பி காரை மெல்ல முன்னால் விட்டான். மூன்று நசுங்கின. நாலாவது பிதுங்கி, ஒரு கீறலும் இல்லாமல் உருண்டு போய் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு ஜெர்மன் கிழவரின் பூப்பாத்திக்குள் விழுந்தது. எனக்குச் சகுனம் பார்க்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

கார்த்திகையில் தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. முப்பத்தொன்றை எங்கள் வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தோம். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, ஐயர் வந்து தீர்த்தம் தெளித்து, சனத்துக்குச் சாப்பாடு போடுகிற நாள் அது. மலையில் அவர்களைச் சுற்றி ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை. இங்கே என்றால் எல்லோரும் வருவார்கள்.

அதற்கு முதல் வாரம் கழுத்து நோவுக்காக டொக்டரிடம் போயிருந்தேன். டெர்மின் என்று முதலே நேரம் எடுத்துப் போனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். மேசையில் கிடந்த கார்ப் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டினேன். பனிக்கால ரயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்று ஒரு பக்கம் இருந்தது. வெட்டு ஆழமாக இருந்தால் மட்டும் போதாது, ரப்பர் வயது போகப் போக இறுகிவிடும், இறுகிய ரப்பர் பனியில் பிடிக்காது என்று போட்டிருந்தார்கள். வயதை எப்படி அறிவது என்றும் படம் இருந்தது. ரயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டை வடிவத்துக்குள் இலக்கங்கள் இருக்கும். நான்கு இலக்கம் என்றால் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று தெரியும். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது இரண்டாயிரத்துக்கு முந்தியது, அதைக் காரில் பூட்டவே வேண்டாம் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது.

டொக்டர் என்ன சொன்னார் என்று இன்று வரை எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ரோச் லைற்றோடு கெல்லருக்குள் இறங்கினேன். தூசியைத் தாவணித் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மூன்று இலக்கம். அடுத்ததிலும் மூன்று. எதைப் புரட்டினாலும் மூன்று. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் கொஞ்சமும் உள்வாங்கவில்லை. தம்பியின் காருக்குப் பூட்டிய ரயர்களைத் தந்தவர் லண்டனுக்குப் போன ஒரு வீட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆளின் மிச்ச ரயர் ஒன்று எங்கள் கெல்லர் மூலையில் கிடந்தது. அதிலும் மூன்று இலக்கம்தான். 

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ரப்பர் என்ன, தோசை மாவே புளிச்சுப் போறதுக்கு?"

"சிரிக்காதையுங்கோ. அவன்ரை ரயரைக் கழட்டச் சொல்லுங்கோ. பச்சைப் பிள்ளையோடை அந்த மலையிலை ஓடுறான்."

"உது ரயர் கொம்பனிக்காரன் புது ரயர் விக்கிறதுக்கு எழுதிறது. உமக்கென்ன தெரியும்? நான் குடுத்த ரயரிலை எத்தினை சனம் ஓடுது. ஆருக்காவது ஒண்டு நடந்ததே?"

நடக்கவில்லைதான். கடந்த சில வருடங்களாக எசனில் பனி என்று சொல்லும்படி ஒன்று விழவே இல்லை. விழுந்ததும் மத்தியானத்துக்குள் தண்ணியாகிவிடும். அவருடைய ரயர்களுக்கு இன்னும் ஒருதரமும் சோதனை வரவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது அவர் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவருக்கு எதற்குக் கோபம் என்று எனக்கு நல்லாய்த் தெரியும். ஒரு தொகுதி பிழை என்றால் கொடுத்த எல்லாமே பிழை. சாத்திரியின் சாத்திரமே பொய்த்துப் போகும்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். "அத்தான் பாத்துத் தந்தது அக்கா. அவருக்குத் தெரியாததே?" என்றான். நான் கத்தினேன். அவன் சிரித்தான். கடைசியில், "அத்தானுக்குத் தெரிஞ்சால் மனம் நோகும், விடுங்கோ" என்றான். அந்த வாரம் முழுக்க வானொலியில் காலநிலை சொல்லும்போது எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். வடக்கிலிருந்து குளிர் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. தம்பி குடும்பம் வந்து இறங்கியது, ஐயர் வந்தார், சனம் வந்தது, சாப்பிட்டது. எல்லோரும் என் கணவரைச் சுற்றி நின்று கார்க் கதை கதைத்தார்கள். அவர் நடுவில் இருந்து கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் வானம் இருண்டது. பாயசம் கொடுக்கும்போது முதல் பனி விழுந்தது. வழக்கமாக விழுகிற ஈரப் பனி இல்லை. மாவு மாதிரி உலர்ந்த பனி, காற்றோடு சரிந்து விழுந்தது. சனம் அவசர அவசரமாக எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு வெறிச்சென்று போனது.

"இண்டைக்கு நிண்டிட்டுப் போங்கோ" என்றேன்.

தம்பிக்கு முகம் கறுத்தது. அவன் அந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதப் பரீட்சைக் காலம் இன்னும் முடியவில்லை. காரணம் சொல்லாமலே வேலையால் நிற்பாட்டலாம். திங்கள் விடியப்புறம் அவன் மெஷினில் நிற்க வேண்டும். "ஏலாது அக்கா. போய்த்தான் ஆகோணும்."

"அப்ப றெயினிலை போ."

"ஸ்ரேசனிலை இருந்து வீட்டை போக ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. பிள்ளையோடை நடக்கிறதே?"

சோபாவில் இருந்த என் கணவர், "உம்மடை அக்காவுக்கு விசர். வெள்ளனப் புறப்பட்டால் வெள்ளனப் போயிடலாம். பனிக்குத்தானே பனி ரயர்" என்றார்.

 பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டிருந்த அதன் தாய், என் மச்சாள், என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. புருசனுக்கும் மாமனார் மாதிரி இருக்கிற மனிசனுக்கும் எதிராக அவளால் வாய் திறக்க முடியாது. நான் திறந்து என்ன பயன் வந்தது? என் சொல்லைத்தான் ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லையே.

குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் குப்பைப் பையோடு கீழே இறங்கினேன். பைக்குள் மரக்கறி வெட்டுகிற கத்தி இருந்தது. தம்பியின் கார் வாசலுக்கு நேரே வெள்ளையாய் மூடிப்போய் நின்றது. ரயரை வெட்ட எனக்குப் பலம் போதாது என்று தெரியும். ஆனால் காற்றடிக்கிற இடத்தில் ரப்பர் முனை ஒன்று விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். குந்தியிருந்து அதை அடியோடு அறுத்தேன். காற்று சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. ஒன்று போதாது, ஸ்பெயர் ரயர் இருக்கிறது. அதனால் மற்றப் பக்கமும் போய் அறுத்தேன். கார் மெல்ல மெல்ல நிலத்தோடு பதிந்ததைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். பூப்பாத்திக் கிழவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் பைகளோடு இறங்கியபோது நான் படியடியில் நின்றேன். தம்பி காரைச் சுற்றி வந்தான். என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆரோ வெட்டியிருக்கிறான். எங்களைக் கண்டால் ஆகாத மொட்டைத் தலைப் பெடியள் ஆரும் செய்திருப்பாங்கள். பொலிசுக்குப் போன் அடிக்கோணும்" என்றார். பிறகு பையிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "என்ரை காரைக் கொண்டு போம். நான் வேலைக்கு ட்ராமிலை போறன்."

அவருடைய காரிலும் இருந்தது அதே கெல்லர் ரயர்தான். இதை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தவறியது அந்த இடத்தில் என்னை அப்படியே அறைந்தது.

"நான்தான் வெட்டினன்" என்றேன். "அந்தக் காரிலையும் பிள்ளையை ஏத்தினால் அதையும் வெட்டுவன்."

குப்பைப் பை இன்னும் என் கையில் இருந்தது.  பனி விழுகிற நேரம் தெருவில் ஒரு சத்தமும் கேட்காது. பிள்ளையின் தாய் பிள்ளையோடு திரும்பிப் படியேறினாள், ஒருவரிடமும் கேட்கவில்லை. தம்பி என்னைப் பார்த்து, "என்ரை வேலை போகப் போகுது அக்கா, தெரியுமோ?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் அப்படி என்னோடு கதைத்தது அதுதான் முதல்தரம். என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அவையள் நிக்கட்டும். நான் கொண்டுபோய் விடுறன், ஏறும்" என்று அவனிடம் சொன்னார். நான் கார்க் கதவைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

நானும் மச்சாளும் ஜன்னலடியில் நின்றோம். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், நான் கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். தெருவால் போன கார் ஒவ்வொன்றும் ஊர்ந்துதான் போனது. தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பிள்ளையை மாற்றிப் பிடித்தாள். தம்பியின் கைப்போனுக்கு அடித்தேன். அது எங்கள் சோபாவிலேயே ஒலித்தது. கணவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பிள்ளையையும் தாயையும் மறித்துவிட்டேன், இரண்டு ஆம்பிளைகளை அந்தப் பாதைக்கு அனுப்பிவிட்டேன் என்பது மட்டுமே என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டது. இவ்வளவு நேரத்துக்கு அவர்கள் மலையடிக்குப் போயிருப்பார்கள் என்று மச்சாள் சொன்னாள். அவள் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

வாசல் மணி அடித்தது. சாவி கொண்டு போனவர் மணி அடிக்கிறாரென்றால் என்ன அர்த்தம்? பொலிஸ் என்றே நினைத்தேன். திறந்தபோது இருவரும் நின்றார்கள். தலையிலும் தோளிலும் பனி. என் கணவருக்குக் கை நடுங்கிச் சாவி துவாரத்துக்குள் போகவில்லை.

அவர்கள் மலைக்குப் போகவே இல்லை. எசனை விட்டு வெளியேறவும் இல்லை. நகரத்தின் தெற்குப் பக்கம் ரூர் ஆற்றுக்கு இறங்கும் சரிவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தம்பிதான் சொன்னான். "அத்தான் பிரேக்கை அமத்தினவர். கார் கேக்கேல்லை. சத்தமே இல்லாமல் பக்கவாட்டிலை போய்க்கொண்டிருந்தது. எதிரை பஸ் ஒண்டு ஏறி வந்தது. டிரைவரின்ரை முகம் தெரிஞ்சது அக்கா. பஸ் நிண்டிட்டுது. நாங்கள் நிக்கேல்லை." பஸ்ஸின் மூக்கை உரசாமல் கடந்து, ஆற்றுப் பக்கத்துக் கம்பி வேலியில் போய் இடித்துத்தான் கார் நின்றிருக்கிறது. தம்பி இருந்த பக்கக் கதவு உள்ளே போய்விட்டது. காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். வேலிக்கு அங்கால் ஆறு. பின் ஆசனத்தில், பிள்ளை போயிருந்தால் கூடையை வைத்திருக்கக்கூடிய இடத்தில், கண்ணாடித் துண்டுகள் நிறைந்து கிடந்தனவாம். அதைச் சொன்னபோது மச்சாள் சத்தம் போட்டு அழுதாள். அதுவரை அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

என் கணவர் ஈரக் கோட்டோடு அப்படியே ரெலிபோன் மேசைக்குப் போய் இருந்தார். நான் துவாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. தன் சின்னப் போன் புத்தகத்தை எடுத்தார். யார் யாருக்கு ரயர் கொடுத்தாரோ அவர்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறார் என்று விளங்கியது. பிழை என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டிராத மனிசன். விரல் விறைத்துப்போய் ரிசீவரைப் பிடிக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, நான். அந்தப் பனி ரயர் சரியில்லை. நாளைக்குக் காரை எடுக்காதையும். நான் பிழையாத் தந்திட்டன்."

மறுபக்கத்தில் ரீவிச் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பிறகு, "அது... அண்ணை, நாங்கள் போன வருசமே மாத்திப்போட்டம்" என்றது குரல்.

அடுத்த வீட்டில் மனைவி எடுத்தாள். "ஐயோ அண்ணை, அதை அப்பவே கழட்டி எறிஞ்சிட்டார். கார் திருத்துற கராச்சிலை பூட்டவே மாட்டம் எண்டிட்டாங்கள்."

அதற்கடுத்த ஆள் முதலில் மழுப்பினான். என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் சொன்னான். "உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது அண்ணை? நீங்கள் மனம் நோவியள். அதாலை உங்கட வீட்டுக்கு வரேக்கை காரை அடுத்த தெருவிலை விட்டிட்டு நடந்து வாறனாங்கள்."

அன்று பாயசம் குடித்த வாய்கள் எல்லாம் அதையேதான் சொல்லின. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரியாதை என்று பெயர் வைத்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, தங்கள் பிள்ளைகளைப் புது ரயரில் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அவர் மத்தியானம் கையை ஆட்டி விளங்கப்படுத்தியபோது தலையாட்டிக்கொண்டு நின்ற முகங்கள் ஒவ்வொன்றாய் எனக்கு ஞாபகம் வந்தன.  அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

என் கணவர் போனை வைத்தார். பனி கரைந்து அவருடைய சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது. தம்பி பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கித் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தானின் சொல்லை நம்பி அந்த ரயரில் ஓடியவன் எங்கள் ஆட்களுக்குள்ளே அவன் ஒருவன்தான்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அத்தான்" என்றான்.

என் கணவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா சொன்னவள்" என்றார்.